திரும்பி வரக்குள்ள

முதல் கூட்டத்திலேயே மீன் வந்துவிட்டது.
மீனில்லாமல் மட்டக்களப்பா என்றார் செயலாளர்.
பாடுகிற மீன்.
சந்தி வளைவில், லொட்ஜ் பலகையில்,
விளையாட்டுக் கழக பெனியனில் ஏற்கெனவே பாடிப்பாடித்
தொண்டை கட்டிப்போன மீன்.
மீன் பஸ்ஸில் போகாதே ஐயா என்றேன்.
கொண்டக்டர் அமலதாசன் திருத்தினான்:
போகும் மிஸ். றெஜிபோம் பெட்டியில், ஐஸோட,
கடைசி சீற்றுக்குக் கீழ. லக்கேஜ் தனி.

மறுகா நிறம்.
பச்சை என்றதும் ஒருவர் இருமினார்.
நீலத்துக்கு இன்னொருவர் கதிரையை நகர்த்தினார்.
சிவப்பு டிப்போக்காரரின் சொத்து.
காவி என்று நான் உச்சரிக்கவேயில்லை,
கடும் செம்மஞ்சள் என்றுதான் சொன்னேன்;
அதற்கும் ஆரோ யன்னலைப் பார்த்தார்கள்.
நிறத்தட்டில் இருநூற்றுப் பதினாறு கட்டம்.
தேர்தலில் நிற்காத நிறம் ஒன்று தேடி
இரண்டு கிழமை போனது.

பெயர்ப்பலகை வேறு வில்லங்கம்.
மூன்று மொழிக்கும் ஒரே உயரம் என்று தீர்மானம்.
இஸ்ஸதீன் சேர் அடிமட்டம் வைத்தே பார்த்தார்.
உயரம் சரி. ஆனால் களுவாஞ்சிக்குடி
'ஞ்சி'யைத் தாண்டுமுன் கண்ணாடி முடிந்துவிடுகிறது.
எழுத்தை ஒடுக்கினேன். காலும் விசிறியும்
காலை ஏழு மணிப் பயணிகள்போல
இடித்துக்கொண்டு நின்றன.
சாரதிக்கு இதெல்லாம் ஒரு பிரச்சினையா:
களுவாஞ்சி எண்டு போடுங்க,
குடியை ஊர்ச்சனம் போட்டுக்கொள்ளும்.

கடைசியில் ஒரு வட்டத்தை மட்டும் எடுத்தேன்.
இடப் பக்கம், சில்லுக்கு மேலே, முளைக்கிற அரைவட்டம்.
வலப் பக்கம் அதே வட்டம் இறங்குகிறது.
எழுவான்கரை, படுவான்கரை.
விளக்க வேண்டியிருக்கவில்லை.
கல்முனைக்குப் போகிற பஸ்ஸுக்கு
இடக்கைப் பக்கம் கடல், வலக்கைப் பக்கம் வாவி;
வரைபடமும் என்னோடு ஒத்துழைத்தது.
மேசையைச் சுற்றி எல்லாத் தலையும்
முதல்முறையாக ஒரே மாதிரி ஆடின.

எழும்பும்போதுதான் அமலதாசன் கேட்டான்:
அப்ப, திரும்பி வரக்குள்ள?

திரும்பி வரக்குள்ள
எழுவான் வாவியில் முளைக்கும்,
படுவான் போய்க் கடலில் விழும்.
ஒன்பது பஸ்ஸும் நாளில் பாதி நேரம் பொய் சொல்லும்.
பால்தேத்தண்ணி ஆடை கட்டியது.
ஒருவரும் குடிக்கவில்லை.

மாதிரிக்கென்று ஒரு பஸ்ஸுக்கு அடித்து முடித்திருந்தோம்.
அதைப் பார்த்து வெட்கப்படத்தான்
ஆரையம்பதியில் போய் நின்றேன்.
பிழிகிற வெயில். மண்ணெண்ணெய்க் கானோடு ஒருத்தி,
ரியூசனுக்குப் பிந்திய இரண்டு பொடியன்கள்.
பஸ் தெற்கே போனது:
எங்கள் பக்கம் எழுகிற வட்டம்,
ரோட்டுக்கு அந்தப் பக்கம், டவுனுக்கு நிற்பவர்களுக்கு
இறங்குகிற வட்டம். அது சரி.
மூன்று மணித்தியாலம் கழித்து
அந்தப் பக்கம் கடந்துபோய் நின்றேன், பிழையைப் பார்க்க.
வந்தது. பிரேக் போட்டது.
கதவு இடப் பக்கம்.
கதவுக்குப் பின்னால், என் முகத்துக்கு நேரே,
எழுகிற வட்டம்.

ஏறுகிற ஆளுக்கு
எந்தத் திசையிலும் எழுவான்தான்.
படுவானைப் பார்ப்பது
எதிர்ப்பக்கம் நிற்கிறவர்கள்,
தங்களுடையது இன்னும் வராதவர்கள்.

இதை நான் யோசித்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை.
வீதிச்சட்டம் செய்த வேலை; பில் என் பெயரில்.
கூட்டத்தில், வட்டம் அப்படியே இருக்கட்டும் என்று மட்டும் சொன்னேன்.

மண்ணெண்ணெய்க்காரி அன்று அதே பஸ்ஸில் திரும்பி வந்தாள்.
வட்டம் என்ன மாதிரி கா என்று கேட்டேன்.
எந்த வட்டம் என்றாள்.
இது மூணாம் நம்பர். முன் பம்பர் நெளிஞ்சது.
வளைவில வரக்குள்ளயே சத்தம் தெரியும்.

கழுவுவது வெள்ளிக்கிழமை. அன்றைக்கு வியாழன்.
பெயின்ற் அடித்து ஆறே நாள்.
புழுதிக்கு நடுவே, முளைக்கிற வட்டத்தின்மேல்
பசை வழிய வழிய ஆரோ ஒட்டியிருந்தார்கள்:
கணிதம். சாதாரண தரம்.
புதிய வகுப்பு ஆரம்பம்.